மலைமேலிருந்து பார்த்த கிணறு

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் காற்று வாங்கப் போவார்கள், பீரங்கியைப் பார்க்கப் போவார்கள். நான் முதல்முறை ஏறியது ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தைப் பார்க்க. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம்.

எங்கள் ஊர் ஆத்தூர்ப் பக்கம். நெல், தென்னை, கத்தரி, வெண்டை. வாய்க்காலில் இறங்கினால் குளியல், கிணற்றில் வாளியைப் போட்டால் குடிக்கத் தண்ணீர். எங்கள் பக்கத்து நீர்த்தேக்கத்திலிருந்துதான் திண்டுக்கல்லுக்குக் குழாய் போட்டார்கள். போட்டும் அந்த ஊருக்குப் போதவில்லை. அதனால் திண்டுக்கல்லில் பெண் கொடுப்பதென்றால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது வீட்டில் கிணறு இருக்கிறதா என்றுதான். மாப்பிள்ளை குடிகாரனா, கோபக்காரனா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமாகப் பூட்டுப் பட்டறை இருந்தது. மலைக்கு அடியிலேயே ஓட்டு வீடு. அப்பாவும் பெரியப்பாவும் வீடு பார்க்கப் போனார்கள். பெண் போகக் கூடாது, அது வழக்கம். பெண்ணின் அம்மா போகலாம், ஆனால் அம்மாவையும் கூப்பிடவில்லை. போன ஆண்கள் சாயங்காலம் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள்.

"கொல்லையில நல்ல கெணறு ஆத்தா. எட்டிப் பாத்தேன். ஒரு கல்லத் தூக்கிப் போட்டேன், டொபுக்குன்னு சத்தம். அம்புட்டுத் தண்ணி கெடக்கு" என்றார் அப்பா.

"குடிச்சுப் பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"காப்பி குடுத்தாக, குடிச்சோம்."

"காப்பி கெணத்துலயா ஊறுது?"

பெரியப்பா முறைத்தார். "இவளுக்கு வாய் இம்புட்டு இருந்தா போற எடத்துல எப்படிப் பொழைப்பா?" என்று அம்மாவிடம் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேசி முடித்துவிட்டே வந்திருந்தார்கள்.

எங்கள் அண்ணன் மனைவி, என் மதினி, திண்டுக்கல்காரி. அவள் பிறந்த வீடு ரயிலடிப் பக்கம். அந்த வாரம் இரண்டு நாள் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் கேட்டேன்.

"மதினி, அந்தத் தெருவுல கெணத்துத் தண்ணி எப்படி?"

"பக்கத்துல தோல உப்புல ஊறப்போட்டுப் பதப்படுத்துற தோல்ஷாப்பு இருக்கு. அந்தப் பக்கம் தண்ணி உப்புன்னு சொல்லுவாக. நான் குடிச்சதில்ல."

"அத வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னய யாரு கேட்டா? சொன்னாலும், நாத்தனா டவுனுல வாக்கப்படுறது இவளுக்குப் பொறுக்கலன்னு உங்க பெரியப்பா பஞ்சாயத்து வைப்பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. பன்னிரண்டு வருஷம் அந்த ஊரில் குடம் சுமந்தவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாமளே அந்த வீட்டுக்குப் போய்ப் பாப்போமா?" என்றேன்.

"வீட்டுக்கா! ஒங்கண்ணன் என்னயத் தாய்வீட்டுலயே விட்டுட்டுப் போயிருவாரு. மலைக்கு ஏறுவோம் புள்ள. அங்கேருந்து பாத்தா ஊர்க்காரன் கொல்லை பூராத் தெரியும். மலையப் பாக்க வந்தோம்னா யாரு என்ன கேக்க முடியும்?"

மறுநாள் காலையில் ஏறினோம். பாறையிலேயே வெட்டிய படிகள். வெயில் ஏறுவதற்குள்ளேயே பாறை காலைச் சுட ஆரம்பித்தது. மேலே கோட்டைச் சுவர், இடிந்த கட்டடங்கள், உச்சியில் சாமி இல்லாத ஒரு கோயில். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேறு ஆள் இல்லை. அவ்வளவு பெரிய ஊரை ஒட்டி அப்படி ஒரு சத்தமில்லாத இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊரின் சத்தம் மேலே வரும்போது சின்னதாகிவிட்டது. பட்டறைகளில் இரும்பைத் தட்டுகிற சத்தம், ரயில் ஊதுகிற சத்தம், எப்போதாவது ஒரு பஸ் ஹாரன். தோல்ஷாப்பு நாற்றம் மட்டும் குறையாமல் வந்தது. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. மதினி அதையெல்லாம் காட்ட ஆரம்பித்தாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. தகரக் கூரை போட்ட புகையிலைக் கிட்டங்கிக்கு அடுத்த வீடு, கொல்லையில் பப்பாளி மரம் என்று அப்பா சொல்லியிருந்தார். கிட்டங்கி தெரிந்தது, மரம் தெரிந்தது, மரத்தடியில் கிணறும் தெரிந்தது. கைப்பிடிச் சுவர் கட்டி, இரும்புச் சட்டத்தில் உருளை மாட்டிய கிணறு.

"இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றாள் மதினி.

"செத்த நேரம் இரு" என்றேன்.

கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்தோம். கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ஒரு பெண் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனாள். சந்துக்கு அந்தப் பக்கம் தெருமுனையில் குழாய், அதைச் சுற்றி ஒரு கூட்டம். கொஞ்ச நேரம் கழித்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக அவள் திரும்பி வந்தாள். கிணற்றை ஒட்டித்தான் நடந்தாள். கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கொட்டிவிட்டு மறுபடியும் வந்தாள்.

"அதுதான் மூத்த மருமக போல" என்றாள் மதினி.

நாங்கள் இருந்த நேரத்தில் அந்தப் பெண் ஏழு நடை போனாள். கிணற்றில் யாரும் வாளி போடவில்லை. போட முடியாது. உருளையில் கயிறே இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் விறகு காயப் போட்டிருந்தார்கள்.

அப்பா எட்டிப் பார்த்த அன்று அந்த விறகை எடுத்துவிட்டிருப்பார்கள். கயிறு இல்லாதது அவருக்குத் தோன்றியிருக்காது. தோட்டக் கிணற்றில் மாடு கட்டிக் கமலை ஓட்டுகிற மனுஷன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் இறைத்தவர் இல்லை. ஆண்கள் கிணற்றைப் பார்க்கிறது அப்படித்தான். கல்லைப் போடுவார்கள், சத்தம் கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் நேராகச் சொன்னேன். மலையேறியதையும் மறைக்கவில்லை.

"பொட்டப்புள்ள மலையில ஏறி நின்னு அடுத்தவன் கொல்லைய வேவு பாத்துட்டு வருது! நான் குடுத்த வாக்கு என்னத்துக்கு ஆவுறது?" என்று கத்தினார்.

"வாக்குக் குடுத்தது நீங்க. கொடம் சுமக்கப் போறது நான். அந்தக் கெணத்துத் தண்ணிய ஒரு தூக்கு கொண்டாங்க. பருப்பு வெந்துச்சுன்னா வாயத் தொறக்காமக் கழுத்த நீட்டுறேன்."

உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. இது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். போகும்போது தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனதை அம்மாதான் பார்த்தாள். அங்கே நடந்ததை அவரே பின்னால் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கால் கழுவப் போகிறேன் என்று கொல்லைக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடி வந்து, "கெணத்துல எதுக்குங்க, இந்தாங்க" என்றிருக்கிறாள். இவர் மூட்டை கட்டுகிற கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துத் தூக்குவாளியில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். அந்த அம்மாள் செம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

மத்தியானம் வந்து தூக்குவாளியை அடுப்பங்கரையில் வைத்தார். அம்மா பருப்பைப் போட்டாள். ஒரு கட்டு விறகு எரிந்தது. பருப்பு சட்டியில் உருண்டுகொண்டே இருந்தது. கடைசியில் அதையே வெஞ்சனம் என்று அப்பாவின் சோற்றில் ஊற்றினாள் அம்மா. அவர் கடக் கடக் என்று மென்று தின்று முடித்தார். கை கழுவிவிட்டு, "எங்கண்ணன வரச் சொல்லு" என்றார்.

பெரியப்பாதான் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல், பெண் மலையேறிப் பார்த்த கதையைச் சொல்லிவிட்டார். அது எங்கள் பக்கம் பூராவும் பரவியது. 'மலையேறுனவ' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு வருஷம் என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த மாப்பிள்ளைக்கு நிலக்கோட்டைப் பக்கம் வேறு பெண் பார்த்தார்கள். மல்லிகைத் தோட்டக்காரர் மகள். பூ வாங்க வருகிற ஒரு பொம்பளையிடம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சொன்ன பதில் ஒரு வாரத்தில் வந்தது.

"தனக்கு அமையலன்னு வயிறெரிஞ்சு சொல்றா. எங்காளுக போய்ப் பாத்துட்டாக. கல்லப் போட்டா டொபுக்குன்னு சத்தம் கேக்குதாம்."

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரரோடு அந்த மலைக்குப் போனேன். அவர் பீரங்கியைப் பார்க்கப் போனார். நான் சுவரோரம் நின்று அந்தக் கொல்லையைத் தேடினேன். உருளையில் அப்போதும் கயிறு இல்லை. சந்துக்குள் இரண்டு பெண்கள் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவளை எனக்குத் தெரியும். பின்னால் வந்தவள் தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.