கைமரத்தில் கருவண்டு

பானுமதி முதலில் கறையான் என்றுதான் நினைத்தாள். தை மாதம், மிளகு பறிப்பு நேரம். வாசல் பெருக்க வந்தால் தாவாரத்தின் அடியில் தினை மாவைக் கொட்டி வைத்தது போல மரத்தூள். பெருக்கித் தள்ளினாலும் மறுநாள் அதே இடத்தில் கிடந்தது.

கணவர் அர்த்தனாரி இறந்து இரண்டு வருடம். மகன் யுவராஜ் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். மலைமேல் திருப்புலி நாட்டில், காட்டோரம் இருக்கும் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

செம்மேட்டிலிருந்து தச்சர் முருகானந்தம் வந்து பார்த்தார். தாவாரத்துக் கூரையைத் தாங்கும் கைமரத்தின் அடிப்பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஆறு ஓட்டைகள்.

“கறையான்னா மண்ணு பூசியிருக்குமுங்க அக்கா. இது கருவண்டு. மரத்தத் திங்காது, குடைஞ்சு முட்டை வெக்கும்.”

அவர் சொல்லும்போதே ஒரு வண்டு பானுமதியின் முகத்துக்கு நேராக வந்து, அந்தரத்தில் நின்று இரைந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அது ஆண் வண்டுங்க. அதுக்குக் கொடுக்கே கிடையாது. மிரட்டிப் பாக்குது, அவ்வளவுதான்.”

“இப்பவே அடைச்சுரலாமுங்களா?”

“உள்ள குஞ்சு இருக்குமுங்க. அடைச்சா வேற பக்கம் குடைஞ்சு வரும். சித்திரை வரைக்கும் உடுங்க. எல்லாம் வெளிய போனதும் அடைச்சு, பெயிண்ட் அடிச்சுருங்க. பெயிண்ட் அடிச்ச மரத்த அது சீந்தாது.”

பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அர்த்தனாரியும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கொஞ்ச நாள் அவள் தாவாரத்தைக் குனிந்தே கடந்தாள். பிறகு பயம் போய்விட்டது. ஒருநாள் குடத்தோடு வெளியே வந்தபோது வண்டு எதிரே வந்து நின்றது. “இரு சாமி, தண்ணி எடுத்துட்டு வாரேன்” என்றாள். தன் குரல் தனக்கே கரகரப்பாகக் கேட்டது. முந்தின நாள் காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சித்திரையில் ஓட்டைகளுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. முக்காலி போட்டு ஏறி, கம்பி விட்டுப் பார்த்து, மூங்கிலில் சீவிய முளைக்குச்சிகளில் பசை தடவி ஒவ்வொன்றாக அடித்து இறக்கினாள். சந்தைக்குப் போனபோது வாங்கி வந்த பச்சைப் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தாள்.

மறுநாள் ஒரு வண்டு திரும்பி வந்தது. வழி இருந்த இடத்தில் முட்டியது, விலகியது, மறுபடி முட்டியது. மூன்று நாள் இப்படியே. பார்க்கப் பொறுக்காமல், அதில் குடைந்துகொள்ளட்டும் என்று காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றைப் பலா மரத்தில் கட்டினாள். வண்டு அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் அதைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யுவராஜ் போன் செய்தான்.

“வண்டு தொல்லை போச்சாம்மா?”

“போச்சு சாமி.”

“நல்லதாப் போச்சு. வெச்சுரட்டுமா? பஸ் வந்துருச்சு.”

அந்த வண்டு மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பானோ என்று தோன்றியது.

“வெய்யி கண்ணு” என்றாள்.

கைமரம் பச்சையாக, புதிதாக இருந்தது. யாராவது வந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.