அம்மனிடம் கேட்டு வாங்கிய கடை

ஹட்டனில் மலிவு விலை சுப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தபோது எனக்கு எட்டு வயது. சம்பளத்துக்கு மறுநாள் அம்மா கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே பட்டப்பகலில் அத்தனை விளக்கு! பழைய விலையை அடித்துப் புது விலை எழுதிய சிவப்பு அட்டைகள் எங்கே பார்த்தாலும் தொங்கின. என்ன வேண்டும் என்று ஒருவரும் அதட்டிக் கேட்கவில்லை. ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு நான் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பல நாள், கனவில் அந்த ட்ரொலியைத் தேயிலை நிரைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனேன்.

அடுத்த வருடம் தலவாக்கலையிலும் ஒன்று வந்தது. அட, இது நம்மைத் தேடித்தான் வருகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. எங்கள் சந்திக்கும் கொண்டுவந்தால் ஒரு தேங்காய் உடைப்பதாகத் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வந்தேவிட்டது! சந்தியில் மூடுபனிக்குள் அதன் பெயர்ப்பலகை மஞ்சளாக எரிந்ததைப் பார்த்தபோது சந்தோஷத்தில் அழுகையே வந்தது. இனித் தேங்காய் வேண்டுமே. எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் சில்லறைக் கடை வைத்திருந்த தாய்மாமாவிடம் ஓடி, வேண்டுதலுக்கு ஒரு காய் கேட்டேன். அன்று கடையில் ஆளே இல்லை.

"என்னாடி வேண்டுதல்?" என்று மாமா சிரித்தார்.

"சந்தியில பெரிய கடை வரணும்னு வேண்டிக்கிட்டேன் மாமா. வந்துருச்சுல்ல!"

மாமா தேங்காய்க் கூடையை முன்னால் இழுத்தார். பிறகு நாலைந்து காய்களைக் காதருகே ஆட்டிப் பார்த்து, இருப்பதில் நல்லதை எடுத்தார்.

"சாமி கடன வச்சுக்கக் கூடாது. வா, ஒடச்சிட்டு வந்துருவோம்" என்று கடையைச் சாத்தினார்.

என் கைக்கு வலு போதாதென்று அவரே உடைத்துக் கொடுத்தார். பூசாரி திருநீற்றை நீட்டியபடி, "ஒங்க வேண்டுதல் என்னாச்சுங்க கடக்காரரே? ஆறு மாசமா தெனம் வந்து வெளக்கு போட்டீங்களே" என்று கேட்டார்.

"ஆத்தா சின்னப்புள்ள சொல்றதத்தான் கேப்பா போல இருக்குங்க" என்று மாமா என் நெற்றியில் திருநீற்றைப் பூசினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. திரும்பும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"நீங்க என்னா கேட்டீங்கன்னு சொல்லுங்க மாமா. அதையும் நானே கேட்டு வாங்கித் தர்றேன்."