மானிட்டர் முதுகின் சூடு

புது மானிட்டரோடு வந்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் என் பழைய கம்ப்யூட்டரில் நுழையவே இல்லை. தென்காசிக் கடைக்காரர் தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டார் என்று முனகியபடி பரணைக் கிளறி, இருபுறமும் திருகு வைத்த நீல முனைக் கேபிளை எடுத்தேன். அதைச் செருக மானிட்டர், கம்ப்யூட்டர் இரண்டிலும் இடம் இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் ஆபீஸ் பை ஞாபகம் வந்தது.

சின்ன வயதில், மேலகரம் வீட்டில் நானும் அக்காவும் படிக்காமல் கம்ப்யூட்டரில் விளையாடிவிடுவோம் என்று, அப்பா தினமும் அந்தக் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மானிட்டரின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். சாரல் காலத்தில் தரை, சுவர், தலையணை எல்லாம் சில்லென்று இருக்கும். மானிட்டர் முதுகு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"ஏலே, இன்னொரு கேபிளை எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?"

என் பையையும் அக்கா பையையும் தலைகீழாகக் கொட்டுவார். எதுவும் கிடைக்காது. அக்காதான் என்று நானும், நான்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டே வளர்ந்தோம். அப்பா கடைசிவரை எங்கள் இருவரையுமே நம்பவில்லை. அந்த நேரங்களில் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

இப்போது காபியோடு வந்த அம்மா, நான் கேபிளைச் செருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு திருகையும் நல்லா இறுக்குலே. இல்லன்னா படம் மஞ்சளா அடிக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

அவள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "இதுலயும் அந்தச் சீட்டு வெளையாட்டு இருக்கா?"