சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ்

பிற்பகல் நாலேகாலுக்குச் செய்தி வந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் தங்கை அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்திருந்தாள். கைபேசியில் அண்ணி. "உங்க அண்ணன் மரத்துலேருந்து விழுந்துட்டாராம்" என்றாள். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிரும் போயிருந்தது.

நகரத்தின் பனிக்கால விளக்குத் திருவிழாவுக்கு முப்பது வருடமாக மின்கம்பி இழுத்தவன் அண்ணன். அவன் சேர்ந்த காலத்தில் வீட்டுக்கொரு மண்ணெண்ணெய் விளக்கோடு சனம் சதுக்கத்துக்கு நடந்து வரும். மரங்களில் மட்டும்தான் பல்பு. பிறகு கைவிளக்கு போய் மேடை வந்தது. மேடைக்குப் பாட்டு வந்தது. இந்த வருடம் ஒரு நிறுவனம் வந்து, பாட்டுக்கு ஏற்றபடி மரங்களில் விளக்கை ஆடவைக்கிறோம் என்றது. கைபேசியில் தட்டினால் போதுமாம்.

மரத்தில் ஏறுமுன் அண்ணன் போர்டிலிருந்து பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கீழே எவனாவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால்? அவனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அதனால் 'ஃபியூஸ்' என்பதே அவன் பெயராகிவிட்டது.

"ஏன் ஃபியூஸு, பொண்டாட்டியயாவது நம்புவியா?" என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

"சுவிட்ச் பக்கம் போகாத வரைக்கும் நம்புவேன்" என்பான்.

துக்க வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவர் அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர். அதுவே தங்கையை உறுத்தியது. சொந்தக்காரர்களே வந்து சேராத நேரத்தில் இவருக்கென்ன அவசரம்? கைபேசியைக் கவிழ்த்தே பிடித்திருந்தார்.

"ஹார்ட்டாத்தான் இருக்கும்மா. வயசும் ஆச்சுல்ல." யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னார்.

"கரண்ட் அடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரே சார்" என்றாள் தங்கை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அண்ணி தரையில் கவிழ்த்தாள். சட்டைக்குள்ளிருந்து ஃபியூஸ் உருண்டது. "இதப் பிடுங்கிட்டுத்தானே ஏறியிருக்காரு? அப்புறம் எப்படி கரண்ட் வந்துச்சு?"

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "அந்த மரத்து லைன நேத்தே புது போர்டுக்கு மாத்திட்டோம்மா. பழைய ஃபியூஸ எடுத்து என்ன பிரயோஜனம்? பாட்டுக்கு ட்ரையல் பாக்க நம்ம பசங்க ஆன் பண்ணியிருக்காங்க."

"மாத்தினது அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எந்த சுவிட்ச் எந்த மரத்துக்குன்னு போர்டுலயே ஒட்டியிருக்கு. படிக்காம ஏறினா நாங்க என்ன பண்றது?"

பழி முழுவதும் அண்ணன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கைக்குப் பொறுக்கவில்லை. யாரையும் நம்பாதவன், கண்ணெதிரே ஒட்டியிருந்ததைப் பார்க்காமலா ஏறியிருப்பான்? சதுக்கம் இரண்டு தெரு தள்ளித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இப்ப எதுக்கும்மா அங்க? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்." மேற்பார்வையாளர் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் தடுக்கத் தடுக்க அவள் நடை வேகமெடுத்தது.

புது போர்டின் கதவு சாத்தாமல் கிடந்தது. மேல்வரிசையில் ஒவ்வொரு சுவிட்சின் கீழும் எந்த மரம் என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. கீழ்வரிசையில் ஒன்றுகூட இல்லை. மிச்சச் சீட்டுகள், பின்தாள் உரிக்கப்படாமல், போர்டின் மேலேயே கிடந்தன; அண்ணன் ஏறிய மரத்தின் சீட்டும் அவற்றில் இருந்தது.