ரஷ்யா இல்லாத உலகப்போர்

ஆறு வருடம் பனியன் கம்பெனியில் தைத்தும் எனக்கு ஒரு முழு டீ-ஷர்ட் தைக்கத் தெரியாது. என் வேலை கை சேர்ப்பது. தோள் சேர்ப்பது ஒருத்தி, கழுத்துப் பட்டி வைப்பது ஒருத்தி, அடி மடிப்பது இன்னொருத்தி. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் கம்பெனி; எங்கள் லைனில் பதினெட்டு மிஷின். பதினெட்டும் ஓடினால்தான் ஒரு சட்டை. அதனால் பத்தாவது பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தபோது, நானும் கழுத்துப் பட்டி வைக்கிற அக்காவும் உலகப்போரையும் அதே மாதிரி பங்கு போட்டுக்கொண்டோம். படித்த பிள்ளைகள் யாரும் இந்த மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

அக்கா என்றாலும் என்னைவிட இரண்டே வயதுதான் மூத்தவர். வெள்ளகோவில்காரர். நான் விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்து நல்லூரில் ஒற்றை அறையில் குடியிருந்தவள். எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: இரண்டு பேருமே பத்தாவதில் சமூக அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவர்கள். 2003 ஏப்ரலில் சூப்பர்வைசர் ஒரு செய்தி சொன்னார். தீபாவளி முடிந்ததும் கியூசி வேலைக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுப்பார்களாம். தைத்து வரும் சட்டையைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. மாதச் சம்பளம். ஆனால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். நாளெல்லாம் குனிந்தே தைத்துக் கழுத்து இற்றுப்போன எனக்கு, நிமிர்ந்து நின்று அடுத்தவர் தையலைக் குறை சொல்வதற்குச் சம்பளம் என்றால் வேறென்ன வேண்டும்? குறை சொல்வதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி உண்டு.

செப்டம்பரில் தனித்தேர்வு. பழைய பேப்பர் கடையில் ஒரே ஒரு கைடுதான் கிடைத்தது. அதை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். இரண்டாம் உலகப்போர் பாடம் சரியாக அந்த நடுவில் மாட்டிக்கொண்டது. போருக்கு முன்னால் நடந்த பேச்சுவார்த்தைகளும் உடன்படிக்கைகளும் அக்காவிடம் போயின. எழுபதாம் பக்கத்திலிருந்து சண்டை முழுக்க என்னிடம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் பாதியை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அப்போது ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கேண்டீன் டிவியில் எந்நேரமும் டாங்கி ஓடும். ஷிப்மென்ட் நின்றுவிடுமோ என்று ஆபீஸில் எல்லோருக்கும் கவலை. அக்காவுக்கு வேறு கவலை.

"போன சண்டையவே இன்னும் படிச்சு முடிக்கல, அதுக்குள்ள அடுத்ததாக்கும்? இதையும் பாடத்துல சேர்த்திப்போட்டாங்கன்னா நாம பாஸ் பண்ணுன மாதிரிதான்."

அக்காவிடம் எனக்குப் பிடிக்காதது நிறைய. கேட்காமலே என் டிபன் பாக்ஸிலிருந்து பொரியலை எடுப்பார். நான் கொட்டாவி விட்டால் நூல் வெட்டும் கத்தரியால் முழங்காலில் தட்டுவார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது எதுவும் இன்றுவரை மறக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஜெர்மனி கேட்டதும் பிரிட்டனும் பிரான்சும் மியூனிக்கில் உட்கார்ந்து தூக்கிக் கொடுத்த கதையை அவர் இப்படிச் சொன்னார்:

"வாசல்ல ஒரே ஒரு மிஷின் போட்டுக்கறேன்னு மொதல்ல கேப்பான். சண்டை எதுக்குன்னு நாம உட்டோம்னா, அடுத்த மாசம் நம்ம ஊடே அவன்றதாயிரும்."

ஜெர்மனியும் ரஷ்யாவும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று 1939இல் கையெழுத்துப் போட்டதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "ரெண்டு காண்ட்ராக்டர் பேசி வெச்சுக்குவாங்கல்ல, தீபாவளி வரைக்கும் உன்ற டெய்லர நான் இழுக்க மாட்டேன், என்ற டெய்லர நீ இழுக்காதன்னு? அதேதான் கண்ணு. நடுவால இருந்த போலந்து பாவம். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க."

ஜூன் மாதம் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டு, கியூசிக்கு இரண்டு பேர் இல்லை, ஒரே ஒருவர்தான் என்றார். மார்க் யாருக்கு அதிகமோ அவருக்கு.

அன்றைக்கே என் புத்தி கெட்டுப்போனது. அக்கா என்னைவிட நன்றாகப் படிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பயம், பொறாமை, இரண்டும். பிரான்ஸ் விழுந்ததைச் சொன்னேன். பிரிட்டன் மேல் விமானங்கள் குண்டு போட்டதைச் சொன்னேன். அங்கிருந்து ஒரே தாவலாக அமெரிக்கத் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதற்குப் போய்விட்டேன். எழுபத்து நான்கிலிருந்து எழுபத்து ஒன்பது வரை ஆறு பக்கங்களை அப்படியே விழுங்கினேன். ரஷ்யப் போர்முனை முழுவதும் அந்த ஆறு பக்கத்தில்தான் இருந்தது. பெரிய கேள்வி அதிலிருந்துதான் வரும் என்று கைடிலேயே நட்சத்திரக் குறி போட்டிருந்தது.

"ஏன் கண்ணு, ரஷ்யாவோட போட்ட ஒப்பந்தம் கடைசில என்னாச்சு?" என்று அக்கா கேட்டார்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா."

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் தன் பாதியில் ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தப்பாகச் சொன்னால் கத்தரியால் தட்டினார். என் பொரியலையும் தின்றார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எந்த ஆறு பக்கத்தில் ஒருவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறுகிறானோ அந்த ஆறு பக்கத்தையே நான் ஒளித்து வைத்திருந்தேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

பரீட்சை அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நெருப்பெரிச்சலில் அக்கா குடியிருந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். என் பாதிக் கைடை நீட்டினேன்.

"ஆறு பக்கத்த உங்களுக்குச் சொல்லித்தராம மறைச்சுட்டேன்க்கா. வேலை எனக்குக் கிடைக்கணும்னு பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றார்.

நாங்கள் தைக்கிற ஒவ்வொரு வெட்டுத்துணியிலும் ஒரு சின்ன நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். நாற்பதாம் நம்பர் உடம்புக்கு நாற்பதாம் நம்பர் கையைத்தான் சேர்க்க வேண்டும். மாறினால் நிறம் ஒட்டாது. நாளெல்லாம் நம்பர் பார்த்துத் தைக்கிறவர் எதிரில் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் பக்கத்தைத் தாவியிருக்கிறேன்.

"எழுவத்தி மூணுல இருந்து எம்பதுக்குப் போனயே, எனக்கு நம்பர் தெரியாதாக்கும்? ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேக்கறக்கு ரோசம் உடல." குரல் உடைந்தது. "நீயா வருவீன்னு நின்னேன். இன்னைக்கு மட்டும் வராம இருந்திருந்தீன்னா, சாகற வரைக்கும் உன்ற மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா எனக்கு மட்டும் எல்லாத்தையும் சொல்லித்தந்தீங்க?"

"நீ நம்பர உட்டீன்னா நானும் உடோணுமா? அழுவாம பஸ் ஏறு. நேரமாவுது."

ரஷ்யாவைப் பஸ்ஸில் நின்றபடியே சொன்னேன். 1941 ஜூனில் ஜெர்மனி ஒப்பந்தத்தை மீறி உள்ளே நுழைந்தது. ஆரம்பத்தில் வெற்றிமேல் வெற்றி. மாஸ்கோவை நெருங்கியபோது குளிர் வந்துவிட்டது. புது பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது ஸ்டாலின்கிராடுக்கு வந்திருந்தோம்.

"முன்னால போன படைக்குப் பின்னாலருந்து சரக்கு வந்து சேரலக்கா. ரஷ்யாக்காரக சுத்தி வளைச்சுட்டாக. சோறு இல்ல, குண்டு இல்ல, குளிருக்குத் துணி இல்ல."

"கழுத்துப் பட்டி வரலீன்னா பதினெட்டு மிஷினும் சும்மா நிக்குமே, அந்த மாதிரி" என்றார் அக்கா, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு.

"அதேதான். 1943 பிப்ரவரில சரணடைஞ்சாக. அதுக்கப்புறம் ஜெர்மனிக்கு இறங்குமுகந்தான்."

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்வரை இரண்டு முறை ஒப்பித்துக் காட்டினார். கேள்வித்தாளைப் பிரித்தேன். ரஷ்யப் போர்முனையைப் பற்றித்தான் பெரிய கேள்வி. எழுதுவதற்கு முன் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெஞ்சுக்குப் பின்னால் அக்கா குனிந்து விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம், பாஸ் ஆன அன்றைக்குக்கூட வரவில்லை.

ரிசல்ட் வந்தது. அக்காவுக்கு அறுபத்தொன்று மார்க். எனக்கு ஐம்பத்தெட்டு. வேலை அக்காவுக்குப் போனது. நான் ஒன்றும் தியாகி இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் தன் பாதிக் கைடைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தார். லைனில் இன்னும் இரண்டு பெண்கள் பரீட்சை எழுதப் போகிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில் லாக் ஸ்டிச் மிஷினில் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துத் தைத்தேன். முதலிலிருந்து கடைசி வரை நானே தைத்து முடித்த முதல் பொருள் அந்தக் கைடுதான்.

பொங்கல் கழிந்து இரண்டாவது லைன் போட்டார்கள். அதற்கும் ஒரு கியூசி தேவைப்பட்டது. யாரைப் போடலாம் என்று சூப்பர்வைசர் கேட்டபோது அக்கா என்னைக் காட்டினார். "இந்தப் புள்ள எல்லாப் பக்கத்தையும் படிச்சதுங்க" என்றார். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் நாள் அக்காதான் வேலையைக் காட்டிக்கொடுத்தார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியாக நம்பர் ஸ்டிக்கருக்கு வந்தார்.

"நம்பர் உட்டிருந்தா ரெண்டு தடவை கேளு கண்ணு. அப்புறம் ஒண்ணும் பேசாத. எடுத்து வெச்சவங்களே கொண்டாந்து குடுப்பாங்க. அதுவரைக்கும் நில்லு."