கதவு வைத்த ரீவி

கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து என்னைக் கட்டியவள் என் மனைவி. கொழும்பில் அவள் வேலை செய்த கந்தோர் விட்டு வரும் வழியில் ஒரு கடையில், காசு போட்டு நின்றபடி வீடியோ விளையாட்டு விளையாடும் பெட்டி இருந்ததாம். அதைப் பற்றிக் கதைத்தால் அவளுக்கு வாய் ஓயாது.

அவளுடைய அண்ணை சிங்கப்பூரிலிருந்து ரீவியில் கொழுவி விளையாடும் சாமான் ஒன்று அனுப்பினார். கொழும்பில் கண்டதுபோல நின்று விளையாட, அவள் சொன்ன அளவில் பலகைக் கூடு ஒன்று செய்வித்தேன். அதற்குள் வைக்க ரீவிதான் இல்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு கடையில் சின்னக் கலர் ரீவி ஒன்று இருந்தது. கார் பற்றறியிலும் வேலை செய்யும்.

"இஞ்சருங்கோ, இது கூட்டுக்குள்ளை அளவாய் இருக்கும்."

"உதிலை நாலு சனம் வந்திருந்து பாக்கேலுமே?"

"நாலு சனத்துக்கோ வாங்கிறியள்?"

நான் சிரித்துவிட்டு, இழுத்து மூடும் மரக்கதவு வைத்த பெரிய ரீவியை எடுத்தேன். வாத்தியாரான என் வீட்டு முன்னறைக்கு அதுதான் மதிப்பு என்று நினைத்தேன்.

அது கூட்டுக்குள் போகவில்லை. "கூட்டைப் பெருப்பிப்பம்" என்றேன், பெருப்பிக்கவில்லை. பொழுதுபட்டால் முன்னறை நிறையச் சனம். அவள் தேத்தண்ணி ஊற்றினாள்.

"இண்டைக்கெண்டாலும் அண்ணை அனுப்பினதைக் கொழுவட்டோ?"

"சனம் இருக்குது. பிறகு பாப்பம்."

தொண்ணூறில் சண்டை தொடங்கி, ஊருக்குக் கரண்ட் நின்றது. ஒருவரும் வரவில்லை. அவளுக்கு நேரம் கிடைத்தது. பெரிய ரீவி பற்றறியில் வேலை செய்யாது.

ஒரு பின்னேரம், சிநேகிதர் ஒருவரிடம் சின்ன ரீவியையும் பற்றறியையும் இரவல் வாங்கி வந்து கூட்டுக்குள் வைத்தேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். தோற்றால் திரையை ஏசினாள். வென்றால் என் தோளில் அடித்தாள். அந்தச் சிரிப்பை அத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடி வெகுகாலம். இன்றும் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் மனம் ஏங்குகிறது.

பற்றறி இறங்க, படம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது.

"நிப்பாட்டும், கண் கெட்டுப்போம்."

"சும்மா இருங்கோ. இன்னும் கொஞ்சம்."

படம் சுருங்கச் சுருங்க அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் குந்தியிருந்து பற்றறிக் கம்பிகளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.