அண்ணையின்ரை நீர்மூழ்கிக் கப்பல்

சீனி வருத்தத்திலை கண் போனதுக்குப் பிறகு அண்ணை ஆரிட்டையும் ஒண்டும் கேக்கிறேல்லை. கதிரையிலை இருத்தினால் இருப்பார், சாப்பாடு வைச்சால் சாப்பிடுவார், கதைச்சால் ஓம் எண்டுவார். அவ்வளவுதான். அந்த மனிசன் திடீரெண்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, முந்தி நாங்கள் ரியூசன் வகுப்புக் கொம்பியூட்டரிலை விளையாடின நீர்மூழ்கிக் கேம் இப்பவும் கிடைக்குமோ எண்டு கேட்டார். பாக்க ஏலாட்டிலும் பரவாயில்லையாம், சத்தத்தைக் கேட்டாலே போதுமாம்.

எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. கண் போன பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது. இதைச் செய்து குடுக்காட்டி மனிசன் திரும்பவும் கதிரையோடை ஒடுங்கிப் போயிடுவார் எண்டு பயந்தன்.

நான் அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்திலை போன் திருத்துற கடை வைச்சிருக்கிறன். உதெல்லாம் எனக்கொரு வேலையோ எண்டுதான் நினைச்சன். கனடாவிலை இருக்கிற அக்காவின்ரை மகன் லீவுக்கு வந்தபோது விட்டிட்டுப் போன கேம் மெசின் ஒண்டு அலுமாரியிலை கிடந்தது. கையுக்கை அடங்கிற சாமான், உள்ளுக்குள்ளை விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அந்தக் காலத்துக் கொம்பியூட்டரிலை ஓடின டொஸ் கேமெல்லாம் உதிலை ஓடும் எண்டு அவன் சொல்லியிருந்தான். ஓடுமாம். எங்கை ஓடுது?

கேமைத் தேடியெடுத்து மெமரி காட்டிலை போட்டால், அப்பிடியொரு கேமே இல்லையெண்டு மெசின் சாதிச்சுது. ஃபைலின்ரை பேரிலை ஒரு இங்கிலிஸ் எழுத்துப் பெரிசாக் கிடந்ததாம், லினக்ஸுக்கு அது சின்னனாத்தான் வேணுமாம். அதைத் திருத்தினால், தொடங்கிறதுக்குக் கீபோட்டிலை ஒரு எழுத்தை அமத்தச் சொல்லுது. இந்தக் கோதாரி மெசினிலை கீபோட் எங்கை கிடக்கு? ஒரு பட்டனை அந்த எழுத்தா மாத்திறதுக்கே ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டன். பிறகு பாத்தால் கப்பலெல்லாம் பேய் துரத்தின மாதிரிப் பறக்குது. வேகத்தைக் குறைச்சு ஒரு வழிக்குக் கொண்டுவந்தால், சத்தம் இல்லை.

சத்தம்தானே அவருக்கு வேணும். அதுதான் என்னை விசராக்கினது. சத்தம் வாறதுக்கு எந்த சவுண்ட் காட் எண்டு கேம் ஒரு பட்டியலைக் காட்டிக் கேக்கும். ஒண்டைக் குடுத்தால் அப்பிடியே நிண்டிடும், இன்னொண்டைக் குடுத்தால் கரகரக்கும். கடைக்கு வந்த ஆக்களிலை எரிஞ்சு விழுந்தன். ஒருத்தர் போனைத் திருத்தாமலே வாங்கிக்கொண்டு போட்டார். அண்ணையின்ரை வீடு பக்கத்து வளவுதான். முதல் கொஞ்ச நாள் காலமையிலை வேலியடியிலை நிண்டு, சரிவந்திட்டுதோ எண்டு கேட்டார். இன்னும் இல்லையெண்டு சொல்லிப்போட்டு நான் ஓடிவிடுவன். பிறகு அவர் கேக்கிறதை விட்டிட்டார். அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியிலை சத்தம் வந்துது. சும்மா சத்தமில்லை, மேளம் குழலெல்லாம் சேர்ந்த பெரிய பாட்டு. மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அண்ணையின்ரை கையிலை வைச்சு, சுடுற பட்டனிலை அவரின்ரை விரலை வைச்சுவிட்டன். தலையைச் சரிச்சுக் கேட்டார், அமத்தினார். ஒரு கப்பலும் தாழேல்லை. கொஞ்ச நேரத்தாலை மெசினை மடியிலை வைச்சிட்டார்.

"இது இல்லையடாப்பா," எண்டார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அதைக் கிணத்துக்கை எறிஞ்சிருப்பன். இது இல்லாட்டி வேறை எது எண்டு கத்தினன். அவர் ஆறுதலாச் சொன்னார். அந்த ரியூசன் கொம்பியூட்டரிலை சவுண்ட் காட்டே இல்லையாம், பெட்டிக்குள்ளையிருந்து வாற கீச்சுச் சத்தம் மட்டும்தானாம். கப்பல் கிட்ட வரவரக் கீச்சுக் கெதியாகும், அதை வைச்சுத்தான் அவர் சுடுறவராம். இந்தப் பாட்டுக்குள்ளை அது அமுங்கிப் போச்சுதாம். எனக்கு அது எங்கை ஞாபகம்? அவர் விளையாட, நான் திரையைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான்.

சவுண்ட் காட் கேக்கிற இடத்திலை முதலாவதாக் கிடந்ததே அந்தப் பெட்டிச் சத்தம்தான். அண்ணைக்கு நல்லதாக் குடுப்பம் எண்டு நான் அதைத் தொட்டும் பாக்கேல்லை. இப்ப அதைக் குடுத்தன். உடனை கீச்சுக் கீச்செண்டு வந்துது. அண்ணை நிமிர்ந்து இருந்தார். கீச்சுக் கெதியாக அவரின்ரை விரல் அமந்துது, கப்பல் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சுது. அடுத்ததும் தாண்டு போச்சுது.

பட்ட பாட்டை நினைக்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டா வந்துது. இதை முதலே சொல்லியிருக்கலாமே எண்டு அவரோடை சண்டைக்குப் போனன்.

அண்ணை விரலை எடுக்காமலே சொன்னார். "எனக்குக் கண் மட்டும்தான் போனது. நீங்கள் எல்லாரும் என்னட்டைக் கேக்கிறதையே விட்டிட்டியள்."

அந்த நேரம் பாத்துக் குசினிக்குள்ளையிருந்து அண்ணி, அவருக்குச் சத்துமாக் கரைச்சுக் கொண்டரவோ எண்டு என்னைக் கேட்டா. வாயிலை வந்த ஓமை விழுங்கிப்போட்டன். அண்ணை அந்தக் கப்பலையும் தாட்டுப்போட்டுத்தான் குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தேத்தண்ணி தாரும். உந்த மா எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை."

அண்ணி கரண்டியும் கையுமா வாசலுக்கு வந்து அவரைப் பாத்துக்கொண்டு நிண்டா.